அப்பத்தாவின் ரங்கூன் பாங்கு

அப்பத்தா கடைசிவரை அந்த வங்கியை ‘ரங்கூன் பாங்கு’ என்றுதான் சொன்னாள். பாஸ்புக் அட்டையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி என்று அச்சடித்திருக்கும். ஊரே ஐஓபி என்று சொல்லும். அவளுக்கு மட்டும் அது ரங்கூன் பாங்கு. ரங்கூனைக் கண்ணால்கூடப் பார்க்காதவள். கப்பல் ஏறுவது ஆம்பிளைகள் சமாச்சாரம், பெண்டுகள் வளவு வீட்டில் இருந்து கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்த தலைமுறை.

1978 வாக்கில் எனக்குப் பத்து வயது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வாங்கப் போகும்போது துணைக்கு என்னைக் கூட்டிப் போவாள். காரைக்குடிக்கு டவுன் பஸ். கையில் மஞ்சள் பை, பைக்குள் சுருக்குப் பை, சுருக்குப் பைக்குள் நாலாக மடித்த வைப்பு ரசீது. வரிசையில் நிற்கும்போதே உதடு முணுமுணுக்கும். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் காதை வைத்துக் கேட்டால், “வருசத்துக்கு நூத்துக்கு ஒம்பதுன்னா மாசத்துக்கு முக்கால். நாலாயிரத்துக்கு முப்பது. மூணு மாசம், தொண்ணூறு.” கவுண்டரில் இருந்தவர் பேனாவால் கணக்குப் போட்டு, “ஆச்சி, தொண்ணூறு ரூபாய்” என்றார். அப்பத்தா என் பக்கம் திரும்பி, “படிச்ச பையன். சரியாத்தான் போட்டிருக்கான்” என்றாள்.

வருஷ வட்டியை மாச வட்டியாக மாற்றித்தான் அவளுக்குப் புரியும். கால், அரைக்கால், மாகாணி என்று வாய்ப்பாடு சொல்லி வளர்ந்த வீடு. பள்ளிக்கூடம் போனவள் இல்லை.

அந்த வங்கியை ஆரம்பித்தவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசுக்குள் இருந்தது. போன மாதம் எங்கள் வீட்டுப் பெட்டகத்தைக் காலி செய்தபோது ஐயாவின், அதாவது தாத்தாவின், சிட்டை ஒன்று, பழைய கணக்குப் புத்தகம், கிடைத்தது. அதைப் புரட்டிய பிறகுதான் எழுத வேண்டியது எது என்று பிடிபட்டது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். செட்டிநாட்டில் பெயரைச் சொன்னால் ஆள் யாரென்று தெரியாது, விலாசம் சொல்ல வேண்டும். விலாசம் என்றால் வீட்டு முகவரி இல்லை. பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் எழுத்துகள். தாத்தா பெயர் பேரனுக்கு வருவதால் ஒரே ஊரில் ஒரே சமயத்தில் நாலு சிதம்பரம், ஐந்து முத்தையா இருப்பார்கள். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம் வேறு, அவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். நம் ஆள் எம்.சி.டி.எம்., சர் முத்தையா செட்டியாரின் மகன். சென்னையில் படித்தவர்கள்கூட இருவரையும் ஒருவராக்கிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். விலாசம் என்பது வெறும் அடையாளம் மட்டும் இல்லை, அதுதான் கடையின் பெயர், கையெழுத்து, கடன் வாங்கும் தகுதி எல்லாம். அந்த நாலு எழுத்தை நம்பித்தான் பினாங்கில் இருப்பவன் முன்பின் தெரியாத ஒருவனுக்குப் பணம் எண்ணிக் கொடுப்பான்.

சிதம்பரம் செட்டியார் 1908 ஆகஸ்டில் பிறந்தார். 1929-ல் அப்பா காலமானபோது இவருக்கு வயது இருபதை ஒட்டி. அந்த வயதில் குடும்பத்துத் தொழில் முழுக்கத் தலைமேல் இறங்கியது. காலமும் மகா மோசம். அதே வருஷம் உலகச் சந்தை சரிந்தது, அடுத்த வருஷம் பர்மாவில் நெல் விலை விழுந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, பழைய தொழில் எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் 1937-ல் அவர் செய்தது என்னவென்று விளங்காது.

எங்கள் ஐயா பதினான்கு வயதில் பர்மாவுக்குப் போனார். ‘கொண்டுவிக்கப் போறது’ என்பார்கள். முதலில் பெட்டியடிப் பையன். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தபால் எடுப்பது, மை ஊற்றுவது, மேலாளுக்கு வெற்றிலை மடிப்பது, அப்படியே கணக்கைப் பார்த்துப் பழகுவது. அப்புறம் அடுத்தாள். அப்புறம் மேலாள். முதலாளி செட்டிநாட்டு வீட்டில் இருப்பார். கடல் கடந்த கடையை மேலாள் நடத்துவார். சம்பளச் சீட்டு எழுதி, ஒரு கணக்கு, அதாவது மூன்று வருஷம். முடிந்ததும் ஊருக்கு வந்து பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருப்பது, மறுபடி போவது. ஐந்தொகை, அதாவது கடையின் மொத்த இருப்புக் கணக்கு, போட்டு முதலாளிக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒருவனை முதலாளி கண்காணித்தது அந்தத் தாளை வைத்துத்தான். அந்த வேலையாளின் குடும்பம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது என்பது இன்னொரு பிடிமானம். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ரங்கூனில் செட்டியார் கடைகள் மொகல் தெருவில் நெருக்கியடித்து இருந்தன. 1929-30-ல் பர்மா வங்கி விசாரணைக் குழு எண்ணிப் பார்த்தபோது நாடு முழுக்க 1,650 கடைகள். ஒவ்வொரு தமிழ் மாதமும் 16-ஆம் தேதி இரவு அந்தத் தெருக் கோயிலில் செட்டியார்கள் கூடி அந்த மாதத்து நடப்பு வட்டி இவ்வளவு என்று முடிவு செய்வார்கள். ஒருவருக்கொருவர் கைமாற்றும் பணத்துக்கு அதுதான் விகிதம். சந்தை நிலவரம், அரிசி ஆலைக்காரர்களின் தேவை, பெரிய வங்கிகள் என்ன கேட்கின்றன என்று எல்லாம் அங்கே அலசப்படும். இன்றைக்கு மும்பையில் ரிசர்வ் வங்கி கமிட்டி கூடி ரெப்போ விகிதம் அறிவிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோயில் ஞாபகம் வரும். பிரகாரத்தில் வேட்டியும் துண்டுமாய் உட்கார்ந்து, கால் சதவீதத்துக்கு ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார்கள்.

சரி, இத்தனை பணம் எங்கிருந்து? முதலாளியின் சொந்த முதல் ஒரு பங்கு. அதற்குமேல் சொந்தக்காரர் பணம், கோயில் பணம், ஆச்சிமார் பணம். சீதனமாக வந்தது, சிறுவாடு சேர்த்தது என்று பெண்கள் பெயரில் இருந்த தொகையெல்லாம் கடையில் வட்டிக்குக் கிடக்கும். அப்பத்தா முக்கால் வட்டியை வரிசையில் நின்றே முணுமுணுத்தது அந்தப் பழக்கத்தில்தான். அதற்கும் மேலே வெள்ளைக்கார வங்கிகளிடம் பெரிய செட்டியார்கள் கைச்சாத்துக்கு வாங்கும் கடன். 1930-ல் முதலில் இறுகியது இந்தக் கடைசி வாய்க்கால்.

நெல் விலை விழுந்ததும் பர்மிய விவசாயி கடன் கட்ட முடியாமல் போனான். ஈட்டுக்கு வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-38-ல் அது சுமார் 25 சதவீதம். இதை நம்மவர்கள் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வட்டிக்கடைக்காரனுக்கு வேண்டியது ஓடுகிற பணம். நிலமாக முடங்கியது நஷ்டக் கணக்குதான். நிலத்தை இழந்தவன் பக்கத்திலிருந்து பார்த்தால் நமக்குச் சொல்லப் பதிலே இல்லை. ஐயாவின் சிட்டையில் ‘மவுங்’, ‘மா’ என்று தொடங்கும் பெயர்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. பெயருக்கு எதிரே இத்தனை கூடை நெல், இத்தனை ஏக்கர். சில பெயர்களுக்கு மேலே ஒரே ஒரு கோடு. கணக்கு முடிந்தது என்று அர்த்தம். எப்படி முடிந்தது என்று சிட்டை சொல்லவில்லை.

சிட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முழ நீளம், ஒரு சாண் அகலம். சிவப்புத் துணி பைண்டு, முனையெல்லாம் எலி கடித்திருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, சிவமயம், வருஷப் பெயர். எண்கள் எல்லாம் பழைய தமிழ் எண்கள். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. ஐயாவின் கையெழுத்து அசாத்திய அழகு. எழுத்துக்கு எழுத்து இடைவெளிகூடப் பிசகாது. பக்கத்து வீட்டு ரிடையர்டு கணக்கு வாத்தியாரை உட்காரவைத்து நாலு சாயங்காலம் படித்தோம்.

அதில் வீட்டுக்குப் பணம் அனுப்பிய பற்றுகளைத் தனியாகக் குறித்துக்கொண்டே வந்தேன். முதல் பாதியில் எல்லாமே ‘உண்டியல்’, ஓர் ஊர்க் கடையில் பணம் கட்டி இன்னோர் ஊரில் மாற்றிக்கொள்ளும் சீட்டு. இன்னார் கடை உண்டியல் மூலம், இன்னார் வீட்டில் மாற்றிக்கொள்ளும்படி என்று. பின்பாதியில் ஓரிடத்தில் உண்டியல் நின்றுவிடுகிறது. விக்கிரம வருஷம் ஆவணி, அதாவது 1940: ‘காரைக்குடி பாங்குக்கு, வீட்டுக்காக.’ அதற்கப்புறம் உண்டியல் என்ற சொல்லே இல்லை. எல்லாம் பாங்கு, பாங்கு, பாங்கு.

அந்தப் பாங்குதான் இது. 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி, ஒரே நாளில் மூன்று ஊர்களில் பலகை மாட்டியது: சென்னை, காரைக்குடி, ரங்கூன். கொஞ்ச நாளில் பினாங்கும் சேர்ந்தது. வங்கியின் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாரும் இதைச் சாதனையாகச் சொல்வார்கள். புது வங்கி முதல் நாளே கடல் கடந்து கிளை வைப்பது சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் செட்டிநாட்டுக்காரன் கண்ணுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுப் பணம் போய்வந்த வழியே அதுதான். காரைக்குடியில் ஆச்சிமார் பணம் சேரும், சென்னையில் பெரிய வங்கிகளோடு பேச்சு நடக்கும், ரங்கூனில் பணம் வேலை செய்யும். அறுபது எழுபது வருஷமாக விலாசத்தை நம்பி ஓடிய அந்தத் தடத்தின் மேல் இருபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் லிமிடெட் கம்பெனிப் பலகையை மாட்டினார். காரைக்குடியில் அன்றைக்கு மின்சார விளக்கு எத்தனை வீட்டில் இருந்ததோ, ரங்கூனுக்கு நேராகப் பணம் அனுப்பும் வங்கி இருந்தது.

லிமிடெட் வங்கி என்பது அப்போது நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போன சூட்டில், வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியில் 1907-ல் இந்தியன் வங்கி வந்தது. அதில் செட்டிநாட்டுப் பணமும் இருந்தது. ஆனால் அது சென்னையை மையமாக வைத்த வங்கி. சிதம்பரம் செட்டியார் கண் வைத்தது அந்நியச் செலாவணி மேல், வெளிநாட்டு வங்கித் தொழில் மேல். பெயரிலேயே ‘ஓவர்சீஸ்’.

காலம் பார்த்துத்தான் செய்தாரா, தானாக அமைந்ததா தெரியாது, ஆனால் தேதியைக் கவனியுங்கள். பிப்ரவரி 10. அதற்கு ஐம்பது நாள் கழித்து, 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி, பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாக ரீதியாகப் பிரிந்தது. அதுவரை ரங்கூன் நமக்கு வெளிநாடே இல்லை. மதராஸ் மாதிரி அதுவும் ஒரு மாகாணத் தலைநகர். பிரிந்த பிறகும் கொஞ்ச காலம் நம் ரிசர்வ் வங்கிதான் அங்கேயும் மத்திய வங்கியாக இருந்தது. ஆனால் கோடு கிழித்தாகிவிட்டது. இனி அங்கிருந்து பணம் வருவது என்பது எல்லை தாண்டி வருவது.

என் கணிப்பு இது: பழைய செட்டியார் தொழிலில் இரண்டு வேலை ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஒன்று, பணத்தை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நம்பிக்கையாக நகர்த்துவது. இன்னொன்று, நிலத்தின் மேல் கடன் கொடுப்பது. இரண்டாவது அழுகிவிட்டது என்று 1937-ல் எல்லாருக்கும் தெரியும். யாரும் வெளியே வர வழி தெரியாமல் நின்றார்கள். சிதம்பரம் செட்டியார் முதலாவதைத் தனியாக உருவி எடுத்தார். உண்டியல் செய்த வேலையை டிராப்ட் செய்தது. கோயிலில் உட்கார்ந்து பேசிய விகிதம் போர்டு மீட்டிங்குக்கு வந்தது. விலாசத்துக்குப் பதில் பங்குப் பத்திரம். மேலாளுக்குப் பதில் ஏஜென்ட், அவருக்கு மாசச் சம்பளம்.

வந்ததுமே சோதனை. 1938 ஜூனில் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூடியது. தெற்கே வங்கி என்றாலே ஜனங்களுக்குப் பயம். ஒன்றரை வயதுக் குழந்தை வங்கி அதைத் தாண்டி நின்றது. ஐயா போன்ற ஆட்கள் 1940 வரை உண்டியலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு அந்தப் பயமும் காரணமாக இருந்திருக்கலாம். மூன்று வருஷம் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் மாறியிருக்கிறார். அவர் குணத்துக்கு அது சரிதான். கத்தரிக்காயையே மூன்று கடை விசாரித்து வாங்குகிறவர்.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. சிட்டை விஷு வருஷம் மார்கழி முதல் வாரத்தோடு நின்றுவிடுகிறது. மீதிப் பக்கங்கள் வெள்ளை. ஐயா தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்து சேர்ந்தார். அது வேறு கதை, இன்னொரு நாள் சொல்கிறேன். வந்தபோது உடம்பில் சதை இல்லை, தோளில் சிட்டை மட்டும் துணியில் சுற்றிக் கட்டியிருந்தது என்று அப்பா சொல்வார். அந்தச் சிட்டையில் எழுதியிருந்த கடன் எதுவும் திரும்ப வரவில்லை. நிலங்கள் சுதந்திர பர்மாவில் சட்டம் போட்டு எடுத்துக்கொள்ளப்பட்டன. முதலாளி வீடும் நொடித்தது. காரைக்குடிக்கு அனுப்பியிருந்த அந்தக் கொஞ்சம் பணம் மட்டும் அப்பத்தா பெயரில் பத்திரமாக இருந்தது. கல்யாணம், காட்சி என்று கரைந்து, நான் பார்த்தபோது நாலாயிரம்.

அவள் ஏன் ரங்கூன் பாங்கு என்றாள் என்று சிட்டையை மூடிவைத்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சிதம்பரம் செட்டியார் கதைக்குத் திரும்புகிறேன். வங்கி மட்டும் இல்லை, யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம், தீ மற்றும் பொதுக் காப்பீடு, பெரும்பாவூரில் திருவிதாங்கூர் ரேயான்ஸ் என்று அவர் கை நீண்டது. வட்டிக்கடை வம்சத்தில் வந்தவர் ரேயான் இழையில் பணம் போட்டதைத்தான் நான் அவருடைய பெரிய துணிச்சல் என்பேன். சென்னை அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் என்று நாம் சொல்வது, யுனைடெட் இந்தியாவுக்காக அவர் எழுப்பத் தொடங்கியதுதான்.

அது எழும்பி முடிவதை அவர் பார்க்கவில்லை. 1954 மார்ச் 13-ஆம் தேதி சிட்னியிலிருந்து லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த பி.ஓ.ஏ.சி. விமானம் சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் இறங்கும்போது, ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கடல் சுவரில் மோதித் தலைகுப்புறக் கவிழ்ந்து எரிந்தது. பயணிகள் 31 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதில் இவரும் ஒருவர். வயது 45. செட்டியார்கள் கிட்டங்கி என்னும் கடைக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, பெட்டி மேல் கணக்கு எழுதித் தொழில் வளர்த்த ஊர் சிங்கப்பூர். அவர் போன வழியெல்லாம் அவர் வம்சம் கப்பலில் போன வழிதான்.

அதற்கப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. 1956-ல் ஆயுள் காப்பீடு தேசியமயம். கட்டி முடிக்காத கட்டடமும் எல்.ஐ.சி.க்குப் போய், 1959-ல் திறந்தார்கள். சென்னைக்கு வந்த ஒவ்வொரு கிராமத்தானும் அண்ணாந்து பார்த்து மாடி எண்ணினான், நானும் எண்ணியிருக்கிறேன். 1963-ல் பர்மா அரசாங்கம் வங்கிகளை எல்லாம் எடுத்துக்கொண்டபோது ரங்கூன் கிளையும் அதோடு போனது. 1969 ஜூலை 19-ஆம் தேதி இந்திரா காந்தி அரசு 14 வங்கிகளை எடுத்துக்கொண்டபோது காரைக்குடியும் சென்னையும். ஒரே நாளில் மாட்டிய மூன்று பலகையும் ஆறரை வருஷத்துக்குள் இரண்டு அரசாங்கங்களிடம்.

அந்த 1969 சேதியை வீட்டில் வந்து சொன்னது அப்பாதான். பட்டாலையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாளாம் அப்பத்தா.

“ஆத்தா, பாங்கைக் கவர்மெண்ட் எடுத்துக்கிருச்சாம்.”

“எந்தக் கவர்மெண்ட்டு? அதான் பர்மாக்காரன் அப்பவே எடுத்துக்கிட்டானே.”

“அது அங்க. இது நம்ம கவர்மெண்ட்டு.”

கீரையை உருவுவதை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் யோசித்தாளாம்.

“முக்கா வட்டி குடுப்பானா?”